ஏழு முடிச்சு

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குழாயடியில் என் குடத்தைப் பார்த்தாலே வழிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதிலும் பாதியை முழுங்கிவிடுவார். அந்த மனுஷனை ஐந்து வருஷம் ஒரே பேச்சால் குத்திக்கொண்டிருந்தேன். "கயிறு இருந்திருந்தா கை போயிருக்காது." காலையில் சொல்வேன், சோறு போடும்போது சொல்வேன், வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

அவர் மரம் அறுக்கிறவர். பெட்ரோலில் ஓடும் செயின்சா மெஷின் சொந்தமாக வைத்திருந்தார். நாலைந்து வருஷம் கூலிக்கு அறுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது, ரோட்டை வேறு அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை அறுத்து முடிக்க ஆள் போதவில்லை. அவருக்கு வேலை இல்லாத நாளே கிடையாது. துணி துவைத்தால் தண்ணீரில் மரத்தூள்தான் மிதக்கும். பெட்ரோல் நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அதற்கும் திட்டுவேன்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டு வாசலில் மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பெட்ரோலில் டூ டி ஆயிலை அளந்து ஊற்றிக் கலக்குவார். டேங்கை நிரப்பி மூடியை இறுக்கித் துடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றிய இடத்தை விட்டு நாலடி தள்ளி, சமதரையாகப் பார்த்து வைப்பார். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை எட்டப் போகச் சொல்வார். முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு கறுப்புத் தட்டு நிற்கும். அதை முன்பக்கமாகத் தள்ளுவார். 'டக்' என்று சத்தம் வரும். பின்கைப்பிடிக்குள் வலது காலின் ஷூ முனையை நுழைத்து மிதித்துக்கொள்வார். இடது கையால் முன்கைப்பிடியை அழுத்தி, சோக்கைப் போட்டு, வலது கையால் கயிற்றை இழுப்பார். மூன்றாவது இழுப்பில் மெஷின் இருமும். சோக்கைப் பாதி விட்டு இன்னொரு இழுப்பு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவார், அப்போதுதான் செயின் சுற்றும்.

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டே சத்தத்தை வைத்து அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்வேன். வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் எது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தட்டு, மரத்தூள் கையில் தெறிக்காமல் இருக்க வைத்தது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். வாய் நீளமானவர்கள் கேள்வி கேட்பது குறைவு.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒருமுறைதான். அவரோடு வேலைக்குப் போகிற ஒருவர் உண்டு. மரத்தில் வடம் கட்டி, விழ வேண்டிய பக்கம் இழுத்துப் பிடிப்பது அவர் வேலை. அம்மா வழியில் எனக்கு அண்ணன் முறை. ஒருநாள் காலை அண்ணன் எங்கள் வாசலில் மெஷினை ஒரு கையில் தொங்கவிட்டபடி மறு கையால் கயிற்றைச் சுண்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். இவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடிவந்து பிடுங்கினார்.

"இது இன்னா பம்பரமா? தொடை கிழிஞ்சுதுன்னா யாரு தெச்சுக் குடுப்பா? தரையில வை. தட்ட தள்ளு. கால வச்சு மிதி. அப்பால இழு."

அண்ணன் அசடு வழிந்தார். "மச்சான் பொண்ணு பாக்கப் போற மாரி பதவிசா ஸ்டார்ட் பண்ணுவாரு" என்று கேலி பேசிவிட்டுத் தரையில் வைத்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது கான்ட்ராக்டர் ஒரு வேலை கொண்டுவந்தார். சிப்காட்டை ஒட்டி ஒரு மனை. ஷெட் போடப் போகிறார்கள். நடுவில் ஒரு கிழட்டு வேப்பமரம். அடியில் மஞ்சள் பூசிய கல், மரத்தைச் சுற்றிப் புடவை. கல்லை முறைப்படி வேறு இடத்தில் வைத்துப் பூசையும் போட்டுவிட்டார்கள். இருந்தாலும் முதலில் கேட்ட ஆட்கள் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். இவர் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அம்மன் மரத்துல கை வக்கிறியே, உனுக்கு இன்னா ஆச்சுய்யா?" என்று கத்தினேன்.

"மரந்தான் மே அது. நான் அறுக்கலன்னா இன்னொருத்தன் அறுப்பான்."

"அந்த இன்னொருத்தன் பொண்டாட்டி அழட்டும்!"

அவர் அரத்தை எடுத்துச் செயினைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். போகத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் மூன்று நாள் பட்டினி கிடந்தேன். தெருக்கோடி அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு வைத்து வாங்கினேன். ஆயுத பூஜை அன்று மெஷினை மண்ணெண்ணெயில் துடைத்து மணைமேல் வைத்தார். சந்தனம், குங்குமம் வைக்க இடம் தேடினேன். அந்தக் கறுப்புத் தட்டு நெற்றி மாதிரி இருந்தது. அதில் வைத்தேன். தட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கயிறு நுழைய வாகாக இடைவெளி வேறு. இரண்டையும் சேர்த்துச் சுற்றி, அம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏழு முடிச்சு போட்டேன். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கினேன்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, "பின்னாடி கைப்பிடில கட்டேன் மே" என்றார்.

"சாமிய எவனாச்சும் பின்னாடி வப்பானா? முன்னாடி இருந்தாத்தான் காவலு. தானா அறுந்து உழற வரிக்கும் இதுல கை வச்ச, பாத்துக்கோ. என் மேல சத்தியம்."

அவர் வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். பொரி கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வாசலில் மெஷின் ஓடும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. இருமல் கேட்டது, பிடித்துக்கொண்டது கேட்டது. 'டக்' கேட்டதா என்று இப்போது யோசித்தால் கேட்கவில்லை. அப்போது அது என் காதில் உறைக்கவில்லை. கயிறு கட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வேப்பமரத்துக்குப் போனார். மரம் ஒரு குறையும் இல்லாமல் சொன்ன பக்கம் விழுந்ததாம். விழுந்த மரத்தின் கிளைகளைக் கழிக்கும்போதுதான் நடந்தது. இலைக்குள் மறைந்திருந்த ஒரு கொம்பில் மெஷினின் நுனி இடித்திருக்கிறது. மெஷின் எகிறி அவர் மேலேயே வந்து இடது தோளில் பாய்ந்துவிட்டது. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னைக்கு. உயிர் பிழைத்தார். தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டதென்றார்கள். தைத்தார்கள். இடது கை உடம்போடுதான் இருக்கிறது, ஆனால் அசையாது. விரலைக் கிள்ளினால்கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க ஒருநாள் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் மெஷினைக் கொண்டுவந்து திண்டாடிக்கொண்டு நின்றார், எங்கே வைப்பதென்று தெரியாமல். நான் பார்த்தேன். தட்டில் குங்குமக் கறை இருந்தது. கயிறு இல்லை.

"கயிறு எங்கண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கியோ அறுந்து உழுந்துட்டிருக்கும் தங்கச்சி" என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். கயிறு முன்னாலேயே அறுந்து விழுந்திருக்கிறது. இவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சட்டை செய்திருக்க மாட்டார். காவல் போய்விட்டது, அதனால் கை போய்விட்டது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரின் காதருகில் குனிந்து முதல் தடவையாக அதைச் சொன்னேன். "கயிறு இருந்திருந்தா கை போயிருக்காது. ஒரு கயித்தக் காப்பாத்தத் துப்பில்ல உனுக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

பிறகு வீட்டை ஓட்ட நான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் கம்பெனி வேன் வரும். இவருக்கு ஒரு குடோனில் பகல் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கேட்டைத் திறப்பார், லாரி போனதும் மூடுவார். ஒரு கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நாஷ்டாவுக்கு இட்லி வைத்தால் தட்டு நகர்ந்து நகர்ந்து போகும், பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. நான் அதைப் பார்ப்பேன், பேஜாராகிவிடும், உடனே அந்தப் பேச்சை எடுத்துவிடுவேன். சட்டைப் பட்டன் போடும்போது சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வேலை போனதும் சினேகிதமும் போயிற்று பார் என்று அதையும் சேர்த்துத் திட்டினேன்.

இப்படி ஐந்து வருஷம். ஐந்தாம் வருஷ ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லா மெஷினையும் கழுவி மாலை போட்டார்கள். எனக்குத் தகடு உருட்டும் மெஷின். தெருக்கோடி கோயிலில் வாங்கிய மஞ்சள் கயிறு இடுப்பில் இருந்தது. மெஷினுக்கு முன்னால் வயிற்று உயரத்தில் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை ஓடும். சந்தனம் வைத்தேன். கயிற்றைப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு இழுத்தேன்.

"அக்கா, அங்க கட்டாதீங்க."

சேப்டி ஆபீசர். சின்ன வயசுப் பெண், கடம்பத்தூரிலிருந்து வருகிறவள். அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா? சாமிக்குக் கட்றத போய் வேணாங்கற?"

"சாமிக்குத் தாராளமா கட்டுங்க. மேல கட்டுங்க, காலுல கட்டுங்க. இது ஆடற எடம்க்கா. துணியோ கையோ உள்ள இழுத்துதுன்னா உங்க உடம்பு இந்தப் பட்டையில வந்து இடிக்கும். இடிச்சா இது நகரும், நகர்ந்தா மெஷின் நின்னுடும். நீங்க சட்டத்தோட சேத்துக் கட்டிட்டா எப்படி நகரும்? உங்களக் காப்பாத்தறதையே கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். என் கை கயிற்றோடு அப்படியே நின்றது. ஆடற எடம். முன்னாடி ஒரு தட்டு. தள்ளினால் டக். தட்டைத் தள்ளினால் செயின் சுற்றாது, இழுத்தால்தான் சுற்றும். அடுப்படியில் தினமும் என் காதில் விழுந்த சத்தம் அது. பின்னாடி கைப்பிடில கட்டேன் மே. என் மேல சத்தியம்.

பக்கத்தில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரப் புகை. மெஷின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பூஜை முடிந்து மத்தியானமே வேனில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அன்று குடோனும் லீவு. அவர் தரையில் உட்கார்ந்து வலது கையால் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு வந்தது அத்தனையும் மறந்துவிட்டது.

"யோவ். அந்தக் கயிறு அறுந்து உழலதான?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரேடியோவை நிறுத்தினார்.

"சொல்ட்டானா அவன்? யார்கிட்டயும் வாயத் தொறக்காதன்னு அன்னிக்கே சத்தியம் வாங்கினனே."

அண்ணன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டார். பொரிப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"மிசினு எகிறுச்சு. மணிக்கட்டு தட்டுல இடிச்சுது. தட்டு நவுந்தா செயினு நின்னுரும், அதுக்குத்தான் அத்த வச்சிக்கிறான். நவுரல. கீழ உழுந்து கெடக்கும்போது பாக்கறேன், கயிறு அப்டியே கீது, ஒரு முடிச்சுகூட அவுரல. நீ வந்து பாத்தா உனுக்கு இன்னிக்கி இல்லன்னாலும் என்னிக்காச்சும் வெளங்கிரும். அதான் அவன்கிட்ட, வண்டில ஏத்தறதுக்கு மின்ன அத்த அறுத்து எறிஞ்சுருன்னேன்."

ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"தெரிஞ்சிக்கினே ஏன்யா அஞ்சு நாளு ஓட்டின? மொத நாளே அறுத்துப் போட்டிருக்கலாம்ல?"

"மூணு நாளு பட்டினி கெடந்து கட்டின. உன் மேல சத்தியம் வேற வச்ச. அந்த மரம் முடிஞ்சதும் அவுத்துக்கலாம்னு இருந்தேன். ஜாக்கிரதயா ஓட்டினா ஆச்சுன்னு நெனச்சேன். என் தப்புதான்."

"என் தப்புன்னு சொல்லாதய்யா!" என்று கத்தினேன். பிறகு அழுகை வந்துவிட்டது. "அஞ்சு வருசம்யா. அஞ்சு வருசமா உன்ன என்னென்ன பேசிட்டேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போடி நீதாண்டி காரணம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும் அப்படித்தான் செய்வார்.

"நீ என்ன திட்டினா எனுக்கு ஒண்ணும் ஆவாது மே. பழகிருச்சு. உன்ன நீயே திட்டிக்க ஆரம்பிச்சா நான் எங்கேந்து தடுக்கறது?"

நான் இடுப்பிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. சாமி கயிறு, குப்பையில் போடவும் மனசு வரவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, அழுதுகொண்டே இருந்தேன். இது ஆடற எடம்னு அந்தப் பொண்ணு சொன்னாளே, அந்த மாதிரி எனக்கு ஒருத்தரும் சொல்லலியே என்று என்னவெல்லாமோ புலம்பினேன். சொல்ல வந்தவரை முறைத்தது நான்தான் என்பதும் புலம்பலுக்கு நடுவே ஞாபகம் வந்தது.

அவர் குனிந்து அந்தக் கயிற்றை எடுத்தார். மடியில் கிடந்த இடது கையின் மணிக்கட்டு மேல் அதை வைத்தார். ஒரு கையால் கட்ட வராதே, அதனால் என்னைப் பார்த்தார்.

"இங்க கட்டு மே. இது ஆடாத எடந்தான்."

கட்டினேன். ஒரே ஒரு முடிச்சு, தளர்வாக.